மேட்டில் நிற்கிற வண்டி

துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டோரம் இருந்த பழைய வண்டி விற்கும் யார்டுக்குப் பிரவீனாவும் தீபக்கும் தனித்தனியாக வந்து சேர்ந்தார்கள். காரமடையில் ஒரே காம்பவுண்டுக்குள் குடியிருப்பவர்கள். கிளம்பிய நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவள் ஸ்கூட்டரில் வந்தாள், அவன் பஸ்ஸில் வந்தான். புருஷனின் தம்பியைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வர அவளுக்கு மனமில்லை. அவனும் கேட்கவில்லை.

அண்ணன் வெள்ளியங்கிரியும் தம்பி தீபக்கும் சேர்ந்து கான்கிரீட் கலவை மெஷின் வாடகைக்கு விடும் தொழில் செய்துவந்தார்கள். எந்த வீட்டில் தளம் போடுகிறார்களோ அங்கே மெஷினைப் பிக்கப் வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். பதினாலு மாதத்துக்கு முன்னால் தோலம்பாளையம் போகிற வழியில் ஒரு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தபோது, கொக்கி மாட்டியிருந்த இடத்தில் வண்டியின் அடிச்சட்டமான சேஸ் அப்படியே பிய்ந்துவிட்டது. ஒன்றரை டன் மெஷின் பின்னோக்கி உருண்டது. சக்கரத்துக்குக் கட்டை வைப்பதற்காகப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த வெள்ளியங்கிரியின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

அன்றைக்கு வண்டியை ஓட்டியவன் தீபக். அந்தப் பழைய வண்டியைப் பார்த்து வாங்கி வந்தவனும் அவன்தான். பிய்ந்த இடத்தைப் பார்த்தவர்கள் முன்பே வெல்டிங் வைத்திருந்த தழும்பையும் அதன்மேல் பூசியிருந்த கறுப்புப் பெயிண்டையும் காட்டினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அதைக் கேட்ட நிமிடத்திலிருந்து பிரவீனா அவனைக் 'கண்ணு' என்று கூப்பிடுவதை விட்டாள். வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவள் வாங்க, போங்க என்றாள். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும்.

ஆவணியில் அன்னூர்ப் பக்கத்திலிருந்து தீபக்குக்கு ஒரு வரன் வந்தது. முப்பத்திரண்டு வயதில், எட்டுப் பத்து இடம் தட்டிப்போன பிறகு வந்தது. பெண்ணின் அம்மா விசாரிப்பதற்காகப் பிரவீனாவுக்கே போன் பண்ணினார்.

"நல்ல பையன்தானுங்க" என்று ஆரம்பித்தாள் பிரவீனா. "ஆனா அவங்கண்ணன் காலு போனது அவரு வாங்கியாந்த ஒட்டு வண்டியாலதானுங்க. அதைய நாங்க மறைக்கக் கூடாதில்லீங்களா?"

அதோடு அந்த வரன் நின்றது. அவள் சொன்னது தரகர் வழியாகத் தீபக்கின் காதுக்கும் வந்தது. அன்றிலிருந்து அவன் அண்ணன் வீட்டில் கை நனைப்பதில்லை. மாடி அறையில் தானே பொங்கித் தின்றான். அண்ணன் மகள் ரித்திகா மாடிப்படியில் கால் வைத்தால் கீழேயிருந்து பிரவீனாவின் குரல் வரும்.

இத்தனை நாளும் வாடகை டிராக்டரை வைத்து ஓட்டினார்கள். உழவுக் காலத்தில் டிராக்டர்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஆளும் ஜல்லியும் காத்துக் கிடக்க மெஷின் போய்ச் சேராமல் இரண்டு தளம் கைநழுவிப் போனது. தொழில் இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் ஒருவர் மட்டும் முடிவெடுக்க முடியாது. வெள்ளியங்கிரியால் யார்டு யார்டாக அலையவும் முடியாது. அதனால் பிரவீனா வந்தாள். அவர் சொல்லாவிட்டாலும் வந்திருப்பாள். இன்னொரு முறை தீபக்கைத் தனியாக வண்டி பார்க்க விட அவள் தயாராக இல்லை.

யார்டுக்காரர் கோபாலசாமிக்கு ஐம்பது வயது இருக்கும். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் மெல்லிய கோடாய்த் திருமண். வந்தவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றதை அவர் நன்றாகக் கவனித்தார்.

"வாங்கம்மணி. வாங்க தம்பி. காப்பி சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்க" என்றாள் பிரவீனா. "வண்டியக் காட்டுங்க."

இரண்டு வண்டிகள் ஒதுக்கி வைத்திருந்தார். ஒன்று வெள்ளை. 2020 மாடல், ஓடியது ஐம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். கழுவித் துடைத்து டயருக்குக்கூட மினுக்குப் பூசியிருந்தது. இன்னொன்று பல்லடத்தில் கோழிப்பண்ணைக்கு ஓடிய வண்டி. 2016 மாடல், இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியது. பழுப்பு நிறம் வெயிலில் வெளுத்து, தொட்டிக்குள் கம்பி இடுக்கில் இறகுகள் ஒட்டிக் கிடந்தன. பக்கத்தில் போனால் எச்ச நாற்றம் அடித்தது. இரண்டுமே டீசல், இரண்டிலும் பின்னால் கொக்கி இருந்தது. விலையில் பெரிய வித்தியாசமில்லை.

பிரவீனா வெள்ளை வண்டியைச் சுற்றி வந்தாள். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாவற்றையும் வாங்கி வரி வரியாகப் படித்தாள். தேதிகள் சரியாக இருந்தன. காகிதம் பொய் சொல்லாது என்று அவள் நினைத்தாள். ஆள் சொல்கிற பொய்க்கு என்ன விலை என்பது அவள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

தீபக் காகிதத்தைத் தொடவே இல்லை. நேராகப் போய் வெள்ளை வண்டியின் பானட் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"சூடா இருக்குது" என்றான். "நாங்க வாரதுக்கு முன்னாடியே ஓட்டி வெச்சிருக்கீங்களா?"

"எடம் மாத்தி நிறுத்துனனுங்க தம்பி."

"எடம் மாத்துனதுக்கு இத்தன சூடு ஏறாதுங்க. ஆறிக்கெடக்கற வண்டி ஒரே அடியில ஸ்டார்ட் ஆகுதான்னு பாக்கோணும். அதுக்கு வழியில்லாமப் பண்ணிப்போட்டீங்க."

ஒரு செய்தித்தாளைத் தரையில் விரித்து மல்லாக்கப் படுத்து வண்டிக்கு அடியில் போனான். செல்போன் வெளிச்சத்தில் சேஸைப் பார்த்து, ஸ்பேனரால் இடம் இடமாகத் தட்டினான். வெளியே வந்து டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்தான்.

"ஏனுங்க, அம்பத்தெட்டாயிரம்தான் ஓடியிருக்குதுங்கறீங்க. கிளட்ச் பெடலுக்கு ரப்பர் எதுக்குப் புதுசாப் போட்டிருக்குது? அது தேய ரெண்டு லட்சமாவது ஓடோணுமே."

கோபாலசாமி அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் பிரவீனாவின் பக்கம் திரும்பினார்.

"தம்பி போன தடவ ஏமாந்துபோட்டாருன்னு நீங்க போன்ல சொன்னப்பவே எனக்கு வருத்தமாப் போச்சுங்கம்மணி. சூடு கண்டவங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தான் வரும். தப்பில்லீங்க. ஆனா முடிவெடுக்கறது நீங்கதான?"

தீபக் நிமிர்ந்தான். "போன்ல சொன்னீங்களா? இவருகிட்டயுமா?"

"நெசத்தத்தான சொன்னேன்" என்றாள் பிரவீனா. "ஏமாந்த ஆளு எங்கூட வாராரு, கொஞ்சம் பாத்துக் காட்டுங்கன்னேன்."

"அன்னூர்க்காரிகிட்டயும் நெசத்தத்தான் சொன்னீங்க."

"ஆமாங்க. பொய் சொல்லிப் பொண்ணு கட்டோணுமா உங்களுக்கு?"

பக்கத்தில் டயர் மாற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கோபாலசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவர் உதட்டோரம் லேசாக விரிந்ததைத் தீபக் மட்டும் கண்டான்.

அதன் பிறகு அவன் கோழிப்பண்ணை வண்டிக்குப் போனான். பானட் சில்லென்று இருந்தது. சாவியைத் திருகியதும் ஒரே முறையில் பிடித்துக்கொண்டது. ஒரு மூச்சு கறும்புகை விட்டு ஓய்ந்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் மூடியைத் திறந்து பார்த்தான். புகை கிளம்பவில்லை. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது அவன் சட்டை முழுக்கக் கோழி எச்சமும் இறகும்.

"இதுதான் வண்டி" என்றான். "அடியில துரு இருக்குது, பெயிண்டு இல்ல. வெல்டிங்கும் இல்ல. பெல்ட்டு மாத்தோணும், பின்னாடி ஸ்பிரிங் பட்டை ரெண்டு மாத்தோணும். இஞ்சின் கல்லு மாதிரி கெடக்குது."

"இந்த நாத்தம் புடிச்ச வண்டியா?" என்றாள் பிரவீனா. "ரெண்டு லட்சம் ஓடுனத விட்டுப்போட்டு, அம்பத்தெட்டாயிரம் ஓடுனத எடுக்கக் கூடாதுங்கறீங்க. கேக்கறவங்க சிரிப்பாங்க."

"அம்பத்தெட்டாயிரம்னு மீட்டரு சொல்லுது. வண்டி சொல்லல."

"போன தடவயும் இப்படித்தான் ஏதோ சொன்னீங்க."

தீபக் சட்டையில் ஒட்டியிருந்த இறகைத் தட்டிவிட்டான். "சரிங்க. என்ற பேச்ச நம்ப வேண்டாம். பெரியநாயக்கன்பாளையத்துல நம்ம மெஷினு நிக்குது. நேத்துத்தான் தளம் போட்டு முடிச்சது. ரெண்டு வண்டியவும் கொண்டுபோய் மாட்டி, கோவனூர் ரோட்டு மேட்டுல இழுத்துப் பாக்கலாம். எது இழுக்குதோ அத எடுங்க."

"அதெல்லாம் முடியாதுங்க" என்றார் கோபாலசாமி உடனே. "வாங்காத வண்டில லோடு மாட்டறதா? எந்த யார்டுலயும் உட மாட்டாங்க."

அவர் இவ்வளவு அவசரமாக மறுத்திருக்காவிட்டால் பிரவீனா ஒருவேளை வெள்ளை வண்டிக்கு அங்கேயே முன்பணம் கொடுத்திருப்பாள். ஆனால் அவளுக்கு அவரைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடவில்லை. தீபக் சொல்வது பொய் என்று எல்லார் முன்னாலும் நிரூபிக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது, அதை ஏன் விட வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

"மாட்டிக் காட்டுங்க" என்றாள். "நல்ல வண்டின்னா உங்களுக்கென்ன பயம்? இவரு வாயும் ஒருவழியா அடங்கட்டும்."

கோபாலசாமியால் மறுக்க முடியவில்லை. வெள்ளை வண்டியை அவரே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். கோழிப்பண்ணை வண்டியை யார்டு டிரைவர் பின்னால் கொண்டுவந்தார். தீபக் அதில் ஏறிக்கொண்டான். பிரவீனா ஸ்கூட்டரில் தொடர்ந்தாள்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெஷினை வெள்ளை வண்டியில் மாட்டினார்கள். தீபக் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். கோபாலசாமி பக்கத்தில் உட்கார்ந்தார். கோவனூர் ரோட்டில் மலை நெருங்கி வரும் இடத்தில் மேடு தொடங்கும். ஒரு பக்கம் தோட்டத்து வேலி, மறு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற பள்ளம். பாதி மேடு வரை வண்டி முனகிக்கொண்டே ஏறியது. நடுவில் தீபக் வேண்டுமென்றே நிறுத்தினான். மேட்டில் நிறுத்தி, மறுபடி கிளப்பினால்தான் வண்டியின் வண்டவாளம் தெரியும்.

கண்ணாடியில் பார்த்தான். மெஷினுக்குப் பத்தடி பின்னால், நேர்கோட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பிரவீனா நின்றுகொண்டிருந்தாள்.

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "அண்ணி, அங்க நிக்காதீங்க! ஓரமாப் போங்க!"

"நீங்க ஓட்டுங்க. எங்க நிக்கோணும்னு எனக்குத் தெரியும்."

"போங்கன்னா போங்க!"

"உங்க அதிகாரத்த வேற எங்கியாச்சும் வெச்சுக்கங்க" என்று அவள் கத்தினாள். "இழுக்க முடியலன்னு சாக்குத் தேடாதீங்க."

தீபக் இஞ்சினை அணைத்தான். கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இறங்கி ஓடிப்போய் வேலியோரம் கிடந்த இரண்டு கருங்கல்லைத் தூக்கி வந்து வண்டியின் பின்சக்கரங்களுக்குப் பின்னால் வைத்தான். பிறகு அவளிடம் வந்து ஸ்கூட்டரின் ஹேண்டில்பாரைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் வேலிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். அவள் பின்னாலேயே ஓடினாள்.

"என்ற வண்டிய உடுங்க! என்ன பண்றீங்க நடுரோட்டுல?"

"அண்ணங்கிட்டயும் இதத்தான் சொன்னேன். பின்னாடி வராதீங்க, ஓரமா வாங்கன்னேன். கேக்கல."

"அவரப் பத்திப் பேசாதீங்க. அந்த வாயால அவரு பேரச் சொல்லாதீங்க. உடைஞ்ச வண்டிய வாங்கியாந்தது யாரு?"

"நாந்தான்!" அவன் குரல் உடைந்து உயர்ந்தது. "நான் இல்லைன்னு என்னைக்காச்சும் சொன்னனா? அடியில பாக்காம வாங்குனது என்ற தப்பு. பதினாலு மாசமா அதையத்தான் நெனச்சுக்கிட்டுப் படுக்கறேன். ஆனா சேஸுல வெடிப்பு உட்டிருக்குதுன்னு ஒரு வாரத்துக்கு முன்னாடியே கண்டுபுடிச்சேன். அண்ணனக் கூட்டிட்டுப் போய் அடியில டார்ச் அடிச்சுக் காட்டுனேன். வண்டிய நிறுத்திப்போடலாம்னேன். ரெண்டு தளம் ஒத்துக்கிட்டாச்சு, முடிச்சுப்போட்டு வெல்டிங் வெச்சுக்கலாம்னாரு. அவருதான் சொன்னாரு."

பிரவீனா அவனையே பார்த்தாள். "பொய்."

"ஊட்டுக்குப் போய்க் கேளுங்க."

"காலில்லாத மனுசன் மேல பழி போடறீங்களே, வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தான் இருக்குது. அதனாலதான் இத்தன நாளா வாயத் தொறக்கல. காலு போனது அவருக்கு. அதுக்கு மேல அதையும் எதுக்குச் சொல்லோணும்னு இருந்தேன். நீங்க ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்க."

மேலேயிருந்து கோபாலசாமி, "தம்பி, நேரமாகுதுங்க!" என்று கத்தினார். தீபக் திரும்பிப் போய் வண்டியில் ஏறினான். கல்லை எடுக்கச் சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டே கிளப்பினான்.

வெள்ளை வண்டி உறுமியது. சக்கரம் சுழலவில்லை. ஏதோ கருகுகிற நாற்றம் ரோடு முழுக்கப் பரவியது. இரண்டாவது முறை ஒரு சாண் முன்னேறி, அப்படியே பின்னால் வந்து கல்லில் முட்டி நின்றது.

"கிளட்ச் போயிருச்சுங்க" என்றான் தீபக்.

"உங்களுக்குக் கிளப்பத் தெரியல. நகருங்க" என்று கோபாலசாமி ஸ்டீயரிங்குக்கு மாறினார். அவர் கிளப்பியபோது வண்டி கல்லின் மேல் ஏறி இறங்கிப் பின்னால் நழுவியது. மெஷின் பள்ளத்துப் பக்கம் திரும்பி மடங்கியது. கொக்கி கிறீச்சிட்டது. பிரவீனா சற்று முன் நின்ற இடத்தைத் தாண்டி, மெஷினின் ஒரு சக்கரம் பள்ளத்து விளிம்பில் போய்ச் சாய்ந்து நின்றது.

ரேடியேட்டரிலிருந்து ஆவி கிளம்பியது. கோபாலசாமி இறங்கி வந்தபோது சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

"குடும்பச் சண்டைய என்ற வண்டில வெச்சுக்கிட்டீங்க ரெண்டு பேரும்" என்றார். அவர் பேச்சில் அம்மணியும் இல்லை, தம்பியும் இல்லை. "கிளட்ச்சக் கருக்கிப்போட்டீங்க. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

பிரவீனா அந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீங்கதானுங்க பதில் சொல்லோணும்" என்றாள். "ரப்பர் மாத்துனவங்களுக்குத் தெரியாதா, கிளட்ச் எப்படி இருக்குதுன்னு? போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துலதான் இருக்குது. போலாமா?"

கோபாலசாமி யார்டு டிரைவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

மெஷினுக்குக் கல் அண்டை கொடுத்து, வெள்ளை வண்டியைக் கழற்றி ஓரம்கட்டி, கோழிப்பண்ணை வண்டியைக் கொண்டுவந்து மாட்டி, பள்ளத்து ஓரத்திலிருந்து மெஷினை வெளியே எடுப்பதற்கே அரைமணி நேரம் ஆனது. வெளியே எடுத்ததே அந்த வண்டிதான். தீபக் அதை மேட்டின் நடுவில் நிறுத்தினான். இறங்கி, பின்னால் ஆள் இல்லையென்று பார்த்துவிட்டு ஏறினான். வண்டி ஒரு விரல் அளவுகூடப் பின்னால் போகாமல் கிளம்பி, மெதுவாக, சத்தமாக, மேட்டின் உச்சி வரை மெஷினை இழுத்துக்கொண்டு போனது. அங்கேயே திருப்பி இறக்கிக் கொண்டுவந்து நிறுத்தினான். நான் சொன்னேன் அல்லவா என்கிற மாதிரி ஒரு பார்வைகூட அவன் பார்க்கவில்லை. சாவியை யார்டு டிரைவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தான்.

பிரவீனா வீடு வந்து சேர்ந்தபோது நாலரை மணி. வெள்ளியங்கிரி ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து செய்திச் சேனல் பார்த்துக்கொண்டிருந்தார். செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

"ஏதாச்சும் அமைஞ்சுதா அம்மணி?"

அவள் டி.வி.யை அணைத்தாள். "ஏனுங்க, சேஸுல வெடிப்பு இருக்குதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

வெள்ளியங்கிரி அணைந்த டி.வி.யையே பார்த்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதும். அந்த நொடி போனது. அடுத்ததும் போனது.

"அவன் சொன்னானா?"

"உங்களக் கேக்கறேன்."

"தெரியும்" என்றார். "ஒரு வாரம் முன்னாடி காட்டுனான். ரெண்டு தளந்தான், தாங்கிரும்னு நெனச்சேன்."

"ஆஸ்பத்திரில சொல்லல."

"வலில கெடந்தேன்."

"பொறவு சொல்லல. ஊட்டுக்கு வந்தப்பொறவு சொல்லல. அன்னூர்க்காரம்மாகிட்ட நான் போன்ல பேசறப்ப நீங்க இதே நாற்காலிலதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"என்ற வாயால ஒரு பையன் பொழப்ப நான் கெடுத்துக்கிட்டிருந்தேன். நீங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க."

வெள்ளியங்கிரி முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்தார். "நீ என்னையப் பாத்துப் பாவப்பட்ட. தூக்கி உக்காரவெச்ச, ஊட்டி உட்ட. நானே தேடிக்கிட்டதுன்னு தெரிஞ்சா அந்தப் பார்வ மாறிப்போயிருமில்ல? அதுக்குப் பயந்துக்கிட்டேன். அவன் தம்பிதான, பொறுத்துக்குவான்னு இருந்துட்டேன்."

பிரவீனாவுக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிக்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அன்னூர் நம்பரைத் தேடி எடுத்துப் போன் பண்ணினாள். அந்த அம்மா அவள் குரலை அடையாளம் கண்டதும் சுருக்கமாகவே பேசினார்.

"புள்ளைக்கு வேற எடம் முடிஞ்சுருச்சுங்க. ஐப்பசியிலயே உப்புச் சக்கரை மாத்தி நிச்சயம் பண்ணியாச்சு. இப்ப எதுக்குங்க அந்தப் பேச்சு?"

மறுநாள் காலையில் பிரவீனா மாடிப்படி ஏறினாள். பதினாலு மாதத்தில் முதல் முறை. தீபக் அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். வாசலிலேயே நின்றாள்.

"கோழி வண்டியவே எடுத்துக்கலாம்" என்றாள்.

"சரிங்க."

"உங்க அண்ணனக் கேட்டேன். ஒத்துக்கிட்டாரு."

அவன் திரும்பவில்லை. தண்ணீரில் டீத்தூளைப் போட்டான்.

"அன்னூருக்கும் போன் பண்ணிப் பாத்தேன்..."

"எதுக்கு?" இப்போது திரும்பினான். கண்கள் சிவந்திருந்தன. "உங்கள யாரு பண்ணச் சொன்னது? இன்னொருக்கா என்ற பேரெடுத்து யாருகிட்டயும் எதுவும் பேசாதீங்க. கெட்டதும் வேண்டாம், நல்லதும் வேண்டாம். புரியுதுங்களா?"

மன்னிப்பு என்ற சொல் அவள் தொண்டை வரை வந்திருந்தது. அவன் கேட்ட விதத்தில் அது உள்ளேயே தங்கிவிட்டது. "புரியுதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கோபாலசாமி இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த வண்டிக்கு வேறு ஆள் வந்திருப்பதாகச் சொல்லிப் பார்த்தார். தீபக் நேரில் போனான். என்ன பேசினான் என்று தெரியாது. பொழுதோடு பழுப்பு வண்டி காரமடைக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரம் கழுவியும் நாற்றம் முழுதாகப் போகவில்லை. பெல்ட்டையும் பட்டையையும் மாற்றினார்கள். அதற்கப்புறம் அது ஒருநாளும் வழியில் நிற்கவில்லை. கைவிட்டுப் போன மேஸ்திரிகள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

வீட்டுக்குள் மட்டும் எதுவும் திரும்பி வரவில்லை. பிரவீனா வெள்ளியங்கிரிக்குச் சோறு போட்டாள், மாத்திரை கொடுத்தாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. அவர் ஒருமுறை தட்டுத் தடுமாறி மாடிப்படியில் நாலு படி ஏறி, "தீபக், சித்த நேரங் கீழ வாடா" என்று கூப்பிட்டார். தீபக் வந்தான். அண்ணன் அழுதார். அவன் நின்று கேட்டுவிட்டு, "சரி உடுங்க" என்றான். அதோடு போய்விட்டான்.

மார்கழி முடிவதற்குள், தை பிறந்ததும் போகப்போவதாகச் சொன்னான். காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் லாரி ஓட்ட வேலை கிடைத்திருந்தது. தொழிலில் தன் பங்கைப் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை. வெள்ளியங்கிரிதான் எழுதிக் கொடுக்கிறேன் என்றார்.

"வேற டிரைவர் கெடைக்கற வரைக்குமாவது இருக்கக் கூடாதா?" என்று பிரவீனா கேட்டாள்.

"உங்களுக்குக் கார் ஓட்டற லைசென்ஸ் இருக்குதில்ல? அது இந்த வண்டிக்கும் செல்லும்."

"மெஷினக் கட்டி இழுத்துப் பழக்கமில்ல."

"எனக்கும் மொதல்ல பழக்கமில்லீங்க" என்றான். அதில் கேலி இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் போன பிறகு இரண்டு டிரைவர்கள் வந்தார்கள். ஒருவர் குடித்தார். இன்னொருவர் பத்து நாளில் சொல்லாமல் நின்றார். மூன்றாவதாகப் பிரவீனாவே ஓட்டினாள். முதல் சில நாட்கள் ரிவர்ஸ் எடுக்கும்போது மெஷின் வேறு திசைக்கு மடங்கும். சாரம் கட்டுகிறவர்கள் மேலேயிருந்து சிரிப்பார்கள். அவள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி எடுப்பாள். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றது.

வைகாசியில் தீபக்குக்குக் காங்கேயத்திலேயே கல்யாணம் நிச்சயமானது. மில்லில் கணக்கு எழுதுகிற பெண், பெயர் மானசா. பத்திரிகையைக் கூரியரில் அனுப்பியிருந்தான். அண்ணன் பெயர் முறைப்படி அச்சாகியிருந்தது. ரித்திகா அதை எடுத்து மூன்று முறை படித்துவிட்டு, "அம்மா, நாம போறமில்ல?" என்று கேட்டாள்.

"நீயும் அப்பாவும் போயிட்டு வாங்க. எனக்கு அன்னைக்குத் தளம் இருக்குது."

"வேற நாளைக்கு மாத்தச் சொல்லேன்."

"ஒத்துக்கிட்டாச்சு கண்ணு."

தளம் ஒத்துக்கொண்டது பத்திரிகை வந்த பிறகுதான். வெள்ளியங்கிரிக்கு அது தெரியும்.

முகூர்த்த நாளன்று இருவரையும் காலை ஐந்தரைக்குக் வாடகைக் காரில் ஏற்றி அனுப்பினாள். ரித்திகாவின் கையில் ஒரு பட்டுப்புடவைப் பெட்டியைக் கொடுத்து, "சித்திகிட்டக் குடு. யாரு குடுத்தாங்கன்னு கேட்டா அப்பான்னு சொல்லு" என்றாள். பிறகு வேலைக்காரர்கள் வருவதற்குள் பழுப்பு வண்டியைப் பின்னால் எடுத்து, மெஷினுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கிக் கொக்கியை மாட்டினாள். ஆறு மணிக்கெல்லாம் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறிவிட்டாள்.